பழைய வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வு: கொடுக்கிற கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது?

விலைக்கு வந்திருக்கும் 30, 40 வயது வீட்டைப் பார்க்கப் போகிறவர்களை முதலில் முகம் சுளிக்க வைப்பது குளியலறையின் மங்கிய டைல்ஸ், கறுத்துப்போன கதவு, வெளிச்சமில்லாத சமையலறை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பழமை. மாற்ற என்ன ஆகும் என்பதை ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் வந்து பார்த்தால் அன்றைக்கே தோராயமாகச் சொல்லிவிடுவார்கள். வாங்கியவரைக் கடனில் தள்ளுவது வேறு: தளத்துக்குள் துருவேறும் கம்பி, சுவருக்குள் அடைத்துக்கொண்ட இரும்புக் குழாய், உறை உதிரும் வயர், தரைக்கு அடியில் இறங்கிப்போன கழிவுக் குழாய். இந்த இரண்டு வகைப் பழமையையும் பிரித்துக் காட்டுவதுதான் 'வாங்கும் முன் கட்டட ஆய்வு' என்ற பெயரில் கிடைக்கும் சேவையின் வேலை.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வழக்கமான பேக்கேஜ் 10 வயது வீட்டுக்குப் போதும். 25 வயதைத் தாண்டிய கான்கிரீட் வீட்டுக்கு அது போதாது. கீழே சொல்லும் சோதனைகளைப் பெயர் சொல்லிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டால் கட்டணம் கூடும். கூடினாலும் அதுதான் வாங்க வேண்டிய சேவை.

வழக்கமான பேக்கேஜ் என்பது பார்வை ஆய்வு. ஒருவர் ஈரமானி, டார்ச், சிறு சுத்தியல், வெப்பக் கேமரா ஆகியவற்றோடு வருவார். இரண்டு படுக்கையறை வீட்டை முழுதாகப் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கிளம்புகிறவர் படம் எடுத்துப் போகிறார், ஆய்வு செய்யவில்லை. அவர் பீரோவை நகர்த்த மாட்டார், ஃபால்ஸ் சீலிங்கைத் திறக்க மாட்டார், பூச்சை உடைக்க மாட்டார். இது ஏமாற்று வேலை அல்ல, இந்தத் தொழிலின் வரையறையே அப்படி. அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கமான ஆஷியின் தரவிதிகளும் பார்க்கவும் எட்டவும் முடிகிற பகுதிகளை மட்டுமே ஆய்வுக்குள் கொண்டுவருகின்றன. பிரிட்டனின் கட்டட ஆய்வாளர்களுக்கான ஆர்ஐசிஎஸ் அமைப்பு ஆய்வை மூன்று நிலைகளாகப் பிரித்து, பழைய வீடுகளுக்கும் பெரிதாக மாற்றிக் கட்டப்பட்ட வீடுகளுக்கும் மூன்றாம் நிலையைப் பரிந்துரைக்கிறது. பழைய வீடு வாங்குகிறவர் முதல் நிலைக்குப் பணம் கட்டிவிட்டு மூன்றாம் நிலையின் பதிலை எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான மனக்கசப்பு தொடங்குகிறது.

தளமும் கம்பியும்

பழைய கான்கிரீட் வீட்டில் பணம் அதிகம் போகிற இடம் இதுதான். ஆய்வறிக்கைகள் மேலோட்டமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான்.

புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். கணக்கில், 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. காரம் குறைந்த பகுதியின் எல்லை கம்பியைத் தொட்டதும், ஈரமும் இருந்தால், துரு தொடங்குகிறது. துரு, இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பி போகும் வழியிலேயே நேர்கோட்டு வெடிப்பு வந்து, சீலிங்கின் அடிப்பாகம் பாளம் பாளமாகப் பெயர்கிறது.

இதைப் பார்க்கும் சோதனை எளிது. குளியலறை சீலிங், சன்ஷேடின் அடிப்பாகம், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை ஆகிய இடங்களில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சை எடுத்து, கான்கிரீட்டைக் கம்பி தெரியும்வரை உளியால் உடைத்து, தூசியை ஊதிவிட்டு, 1 சதவீத ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். காரம் மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், அதுதான் கார்பனேற்ற ஆழம். டிரில் போட்ட குழிக்குள் தெளித்தால் உள்ளிருந்து வந்த தூசி எல்லா இடத்தையும் சிவப்பாக்கிவிடும். அப்போதுதான் உடைத்த பரப்பாக இருக்க வேண்டும்.

இந்த ஆழம் ஆண்டுகளின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்பதால் ஒரு முன்கணிப்பும் செய்யலாம். 40 வயதுத் தளத்தில் ஆழம் 15 மி.மீ., கம்பிக்கு மேல் கான்கிரீட் உறை 20 மி.மீ. என்று வையுங்கள். 20ஐ 15ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 40ஆல் பெருக்கினால் சுமார் 71. அதாவது அந்த எல்லை கம்பியைத் தொட இன்னும் 30 ஆண்டு இருக்கிறது. அதே தளத்தில் உறை 12 மி.மீ. மட்டுமே என்றால் எல்லை கம்பியை எப்போதோ தாண்டிவிட்டது. பழைய வேலைகளில் உறை இடத்துக்கு இடம் மாறுவது சகஜம். அதனால், உடைக்காமலே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரை வைத்துத் தளம் முழுக்க உறையின் அளவைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டுக்கும் கடற்காற்று படும் வீட்டுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. குளோரைடு உப்பு, காரம் இருக்கும்போதே கம்பியை அரிக்கும். அங்கே தூள் எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு அளவு பார்க்க வேண்டும். துரு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அறிய, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனை உண்டு: செம்பு-செம்பு சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துருப்பிடிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 200க்கு மேலே நின்றால் நடக்காமலிருக்க அதே அளவு வாய்ப்பு.

கம்பி வெளியே தெரிகிற இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்து விட்டம் பார்க்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் இழப்பு எட்டில் ஒன்று என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் அது 23 சதவீதம். அந்த அளவில் பூச்சு வேலை போதாது, பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். பழுது பார்ப்பதற்கும் முறை இருக்கிறது: தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கமும் 20 மி.மீ. வரை எடுத்து, துருவை உலோகம் மின்னும்வரை தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த மோர்ட்டாரால் அடைப்பது. தெரிகிற பக்கத்தை மட்டும் கொத்திச் சிமென்ட் பூசினால் இரண்டு மூன்று மழைக்குள் அதே இடம் மறுபடி விழும். உப்பு ஏறிய தளத்தில் ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரமே அடுத்த துருவுக்கு ஆரம்பமாகும். அங்கே ஒட்டு வேலைக்கு யார் உத்தரவாதம் தந்தாலும் நம்ப வேண்டாம்.

ஆய்வாளர்கள் பெருமையாகக் காட்டும் ரீபவுண்ட் ஹேமர் பற்றியும் ஒரு வார்த்தை. அது பரப்பின் கடினத்தை அளக்கும் கருவி. காரம் இழந்த பழைய கான்கிரீட்டின் மேல்தோல் கூடுதல் கடினமாக இருப்பதால், உள்ளதை விட அதிக வலிமையைக் காட்டும். பூச்சின் மேலேயே தட்டியிருந்தால் அது பூச்சின் எண். அறிக்கையில் அந்த எண் மட்டும் இருந்து கார்பனேற்ற ஆழம் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

விரிசல்

விரிசல் இல்லாத பழைய வீடு கிடையாது. பயப்பட வேண்டியது எது என்பதில் வடிவமும் போக்கும்தான் பேசும். செங்கல் சுவரில் 1 மி.மீ. வரையிலான மெல்லிய கோடுகள் வண்ணம் பூசும்போதே மறையும். 5 மி.மீ. வரை அடைத்துப் பூசினால் போதும். இந்த அளவில் கதவு, ஜன்னல் இறுக ஆரம்பிக்கும். 5 முதல் 15 மி.மீ. வந்தால் செங்கல் பிரித்துக் கட்டும் வேலை. 15க்கு மேல் போனால் அடித்தளம் வரை பார்க்காமல் விலை பேசக் கூடாது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல இணைப்புகளின் வழியே சாய்வாக ஏறும் விரிசல், அடித்தளம் சீரில்லாமல் இறங்கியதன் அடையாளம். மேலே அகன்று கீழே குறுகினால் வீட்டின் ஓர் ஓரம் இறங்குகிறது. கீழே அகன்று மேலே குறுகினால் நடுப்பகுதி தொய்கிறது.

அதைவிட முக்கியமானது, இறக்கம் நின்றுவிட்டதா என்பது. விரிசலுக்குள் பழைய வண்ணமும் தூசியும் இருந்தால் நாள்பட்டது. ஓரங்கள் கூர்மையாக, உள்ளே வெளுப்பாக இருந்தால் அண்மையது. ஒரே வருகையில் இதை உறுதியாகச் சொல்கிறவரை நம்புவது கடினம். கண்ணாடிப் பட்டை ஒட்டியோ இருபுறமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்தோ மழைக்காலத்தையும் வெயில்காலத்தையும் தாண்டிப் பார்க்க வேண்டும். வாங்குகிறவருக்கு அத்தனை மாதம் கிடைக்காது என்பதால், வெளிச்சுவரை ஒட்டி ஒரு குழி தோண்டி அடித்தளத்தின் ஆழத்தையும் மண்ணையும் பார்ப்பது மாற்று வழி. பெரிய மரம், உடைந்த கழிவுக் குழாய், கூரைத் தண்ணீர் விழுந்து தேங்கும் மூலை ஆகியவை பக்கத்தில் இருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

ஓதம்

இந்தச் சேவையில் தவறான முடிவு அதிகம் வருவது ஓதத்தில், அதாவது சுவரில் ஏறும் ஈரத்தில். இரண்டு முள் குத்தும் ஈரமானி மரத்துக்காக அளவுபடுத்தப்பட்டது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் உளுத்துப்போகும் அபாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். செங்கல் சுவரில் அது காட்டும் சதவீதத்துக்கு அந்தப் பொருள் இல்லை. ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் ஒப்பிட மட்டுமே உதவும். சுவரில் உப்புப் பூத்திருந்தால் சுவர் காய்ந்திருந்தாலும் முள் உச்சத்துக்குப் போகும். சந்தேகம் இருந்தால் சுவரில் தூள் எடுத்து கார்பைடு மானியில் பார்க்கச் சொல்லுங்கள், அது உண்மையான ஈரத்தைச் சொல்லும். வெப்பக் கேமராவும் தண்ணீரைப் பார்ப்பதில்லை, பரப்பின் வெப்பநிலையைத்தான் பார்க்கிறது. நீலத் திட்டு ஈரமாகவும் இருக்கலாம், ஏசி காற்று படும் இடமாகவும் இருக்கலாம்.

சீலிங்கில் வட்டக் கறை இருந்தால் மேலே இருக்கும் மாடியோ குளியலறையோ காரணம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையாக ஏறி, மேல் விளிம்பில் உப்புக் கோடு இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மழை வந்தாலும் வராவிட்டாலும் மாறாமல் ஒரே இடத்தில் நனைந்திருந்தால் குழாய்க் கசிவு. அதற்கு, இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் பார்த்தாலே போதும்.

மண்ணோதத்துக்குச் சரியான வைத்தியம், சுவரின் அடி வரிசைச் சாந்தில் ஏறக்குறைய 120 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு நீரை விலக்கும் சிலேன் வகைக் குழம்பைச் செலுத்துவது, உப்பேறிய பழைய பூச்சை ஓதக் கோட்டுக்கு 30 செ.மீ. மேல்வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது. வாட்டர்ப்ரூஃப் வண்ணத்தை மேலே அடித்து விற்கும் வீடுகள் ஏராளம். அந்த வண்ணம் ஈரத்தை அடைத்து வைக்க, அது இன்னும் உயரத்துக்கு ஏறி வேறொரு இடத்தில் வெடிக்கும். ஒரே ஒரு சுவரில் மட்டும் புது வண்ணம், ஒரே ஒரு அறையில் மட்டும் புது ஃபால்ஸ் சீலிங் என்றால் ஆய்வாளர் அங்கே தொடங்க வேண்டும்.

மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையையும் சிலர் பேக்கேஜில் சேர்க்கிறார்கள். வடிகாலை அடைத்து 25 முதல் 50 மி.மீ. தண்ணீரை 24 மணி நேரமாவது நிறுத்துவார்கள். நல்ல சோதனை, ஆனால் 50 மி.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ. 40 சதுர மீட்டர் மாடியில் 2 டன். கம்பி துருவேறிய தளமென்று சந்தேகம் இருந்தால் இதை அனுமதிக்காதீர்கள். குழாயால் பகுதி பகுதியாக நனைத்துப் பார்ப்பதே போதும்.

வயரிங், குழாய், கழிவு

ஸ்விட்சைப் போட்டு விளக்கு எரிகிறது என்று எழுதித் தருவது ஆய்வே இல்லை. ஏதாவது ஒரு ஸ்விட்ச் போர்டைக் கழற்றி வயரை லேசாக வளைக்கச் சொல்லுங்கள். ரப்பர் உறை பொடிந்து கையில் உதிர்ந்தாலோ அலுமினிய வயர் தெரிந்தாலோ வீடு முழுக்க மாற்ற வேண்டும். அடுத்தது இன்சுலேஷன் சோதனை: மெயினை நிறுத்தி, கருவிகளையெல்லாம் பிரித்துவிட்டு 500 வோல்ட் டிசியில் அளக்கும்போது ஒவ்வொரு சர்க்கியூட்டிலும் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். கருவிகளைப் பிரிக்காமல் அளந்தால் மின்னணுப் பொருள்கள் போய்விடும், எண்ணும் பொய்யாக வரும். மூன்று துளை சாக்கெட் இருந்தும் எர்த் முனையில் வயரே இல்லாத வீடுகள் நிறைய. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் அது 300 மில்லி நொடிக்குள் விழுகிறதா என்று கருவியால் பார்க்க வேண்டும்; பொத்தானை அழுத்தி விழுந்தது மட்டும் போதாது. மறுவயரிங்கில் வயரின் விலை சிறு பகுதிதான். பழைய பைப்புக்குள் வயர் இழுபடாமல் சிக்கிக்கொண்டால் சுவரை வெட்ட வேண்டும், பூச வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், வண்ணம் அடிக்க வேண்டும். எனவே ஒரு வயரையாவது இழுத்துப் பார்த்து அசைகிறதா என்று எழுதச் சொல்லுங்கள்.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ள வீட்டில் 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். சமையலறைக் குழாயில் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். பிறகு குளியலறைக் குழாயையும் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். வேகம் பாதிக்கு மேல் குறைந்தால் குழாயின் உள்விட்டம் துருவால் அடைந்திருக்கிறது. பாதியை மட்டும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றலாம் என்று சொல்வார்கள். ஸ்பானர் போட்டுத் திருப்பும்போது பழைய திருகுப் பகுதி நொறுங்கி, வேலை அடுத்த இணைப்புக்கும் அதற்கு அடுத்ததற்கும் நீளும். முழுதாக மாற்றும் செலவையே கணக்கில் வையுங்கள்.

கழிவுக் குழாய்க்கு கேமரா விட்டுப் பார்ப்பதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கூடுதல் சேவைகளில் கொடுத்த பணத்துக்கு உடனே பலன் தருவது இதுதான். பழைய பீங்கான் குழாயின் இணைப்புகள் வழியே வேர் நுழைந்திருப்பதும், நடுவில் குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கி நிற்பதும் படத்தில் அப்படியே தெரியும். 100 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. அளவு சரிவு இருந்தால் நல்லது.

கரையான் ஆய்வு பெரும்பாலும் பேக்கேஜிலேயே வருகிறது. பென்சில் பருமனில் மண்தடம், ஸ்குரூடிரைவர் குத்தினால் உள்ளே போகும் நிலைச்சட்டம், இவைதான் பார்க்க வேண்டியவை. ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, பழைய குழாய் உறை, பழைய வினைல் தரை ஆகியவற்றை உடைக்கும் திட்டம் இருந்தால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டே தொட வேண்டும். கண்ணால் பார்த்து ஆஸ்பெஸ்டாஸ் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

அறிக்கையை எப்படிப் படிப்பது

80 பக்க அறிக்கை என்று விளம்பரம் செய்வார்கள். அதில் பாதி எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பொதுக் குறிப்புகளாக இருக்கும். பயனுள்ள அறிக்கையில் குறை, இருக்கும் இடம், படம், காரணம், சரிசெய்யும் முறை, எப்போது செய்ய வேண்டும் என்பது வரிசையாக இருக்கும். 'மேலதிக ஆய்வு பரிந்துரைக்கப்படுகிறது' என்ற வரி தளத்தைப் பற்றியோ அடித்தளத்தைப் பற்றியோ வந்தால் அது பதில் கிடைக்காத கேள்வி. அதைத் தீர்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திறந்த சமையலறை, சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்குவது போன்ற எண்ணங்கள் இருந்தால் ஆய்வுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். 115 மி.மீ. சுவர் என்றாலே தடுப்புச் சுவர் என்று முடிவுகட்டிவிட முடியாது. மேலே வேறு யாரோ பிறகு கட்டிய சுவரை அது தாங்கிக்கொண்டிருக்கலாம். பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டும் திட்டத்தையும் சொல்லுங்கள். தரை 20 மி.மீ. அளவு உயரும், கதவுகளை அடியில் அறுக்க வேண்டும், குளியலறை மட்டத்துக்கும் அறை மட்டத்துக்கும் உள்ள இறக்கம் குழம்பும்.

விலையைக் கணக்கிட ஒரு வழி. அதே தெருவில் அதே அளவில் புதுப்பித்த வீடு 100 பங்குக்குப் போகிறது என்று வையுங்கள். அறிக்கைப்படி பழுதும் புதுப்பிப்பும் 20 பங்கு. உடைத்த பிறகு தெரியவருவதற்காக அதில் ஐந்தில் ஒன்று, 4 பங்கு. வேலை முடியும்வரை வேறு இடத்தில் இருக்கும் வாடகை, கடன் வட்டி 3 பங்கு. மிச்சம் 73. அதற்கு மேல் கேட்டால் அந்த வீட்டைப் புதுப்பிக்கும் உழைப்பைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று பொருள். 20 பங்கில் பெரும்பகுதி டைல்ஸ், அலமாரி, வண்ணம் என்றால் அதைத் தள்ளிப் போடலாம். தளமும் வயரிங்கும் என்றால் குடிபுகும் முன்பே மொத்தமும் கையில் இருக்க வேண்டும். கடன் ஏற்பாட்டில் இந்த வேறுபாடு பெரியது.

யாரை அழைப்பது

ஒரே நிறுவனத்தின் முழுப் பேக்கேஜை விட, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அரை நாளும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையும் கழிவுக் குழாய் கேமராக்காரரையும் தனித்தனியாகவும் அழைப்பதே பழைய கான்கிரீட் வீட்டுக்கு மேல் என்பது எங்கள் கருத்து. அலைச்சல் கூடும், ஆனால் ஒவ்வொருவரும் தன் துறைக்குப் பதில் சொல்வார். ஆய்வு செய்கிறவரே பழுது வேலையையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். புரோக்கர் அனுப்பும் ஆய்வாளரும் வேண்டாம். ஒப்பந்தத்தில் பொறுப்பு வரம்பைப் படியுங்கள்; தவறு நேர்ந்தால் திரும்பத் தருவது ஆய்வுக் கட்டணம் மட்டுமே என்ற விதி பரவலாக இருக்கிறது. ஆய்வு நாளில் வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் ஓட வேண்டும், முடிந்தால் மழை பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் உடன் நடந்து பாருங்கள், அறிக்கையில் எழுதத் தயங்குவதை ஆய்வாளர் வாயால் சொல்வார்.

சீலிங்கை உடைக்க விற்பவர் சம்மதிக்காமல் போகலாம், அது அவர் வீடு. உள்ளங்கை அளவு மூன்று இடங்கள், அன்றைக்கே அடைத்துப் பூசி வண்ணம் அடித்துத் தருவோம் என்று எழுதிக் கொடுத்தால் பலர் இறங்கி வருவார்கள். அதற்கும் மறுத்தால் தளம் முழுவதையும் பழுதானதாகவே வைத்து மேலே சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள். அந்த விலைக்கு வந்தால் வாங்கலாம், வராவிட்டால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.